வெயில் ஊரில் குளிர்ந்துபோகும் விபத்து நோயாளி

பினாங்கில் மருத்துவ உதவியாளர் பயிற்சியில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: “உடல் சூடு குறைவது, இரத்தத்தில் அமிலம் ஏறுவது, இரத்தம் உறையாமல் போவது, விபத்து நோயாளிக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபத்து என்று பாடத்தில் வருகிறது. நம் ஊரில் பகலில் 32 டிகிரி அடிக்கிறது. ஹைப்போதெர்மியா எல்லாம் பனி நாட்டுக் கதை இல்லையா? அவசரப் பிரிவில் உயிராபத்தோடு வருபவர்களைப் பார்க்கும் ரெட் சோனில் இதற்கு உண்மையில் என்ன செய்ய வேண்டும்?”

பனி நாட்டுக் கதை இல்லை தம்பி. நம் ஊரில் அந்தக் குளிரை நாமேதான் உண்டாக்குகிறோம். நோயாளி வெயிலில் கிடக்கும் நேரம் கொஞ்சம்தான். ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து அவர் இருக்கும் இடமெல்லாம் ஏர்கோன்: முதலில் வண்டி, பிறகு ரெட் சோன், அதைவிடக் குளிரான சி.டி. அறை, கடைசியில் அறுவை அறை. துணியில்லாமல் அசையாது படுத்திருக்கும் ஒருவர் உடம்பைச் சிரமப்படுத்தாமல் சூட்டைக் காத்துக்கொள்ளச் சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய 28 டிகிரியில் இருக்க வேண்டும். நாம் கவுனும் ஏப்ரனும் கையுறையும் மாட்டிக்கொண்டு வியர்க்காமல் வேலை பார்ப்பதற்காக 20 டிகிரியில் வைத்த அறையில், மழையில் நனைந்து இரத்தம் போன ஒருவரை அம்மணமாகப் படுக்க வைக்கிறோம். அவர் குளிர்ந்து போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

முதலில் எண்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். மலையிலோ தண்ணீரிலோ மாட்டிக்கொண்டு குளிர்ந்தவருக்கு 35-க்குக் கீழே ஹைப்போதெர்மியா, 32-க்குக் கீழே நடுத்தரம், 28-க்குக் கீழே கடுமை என்பது கணக்கு. விபத்து நோயாளிக்கு இந்த அளவுகோல் செல்லாது. 36-க்குக் கீழே போனாலே லேசான நிலை, 34-க்குக் கீழே நடுத்தரம், 32-க்குக் கீழே கடுமை. ஏன் இவ்வளவு கறார் என்றால், அமெரிக்காவில் ஜுர்கோவிச் குழுவினர் 1987-ல் 71 விபத்து நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், உட்சூடு 34-க்கு மேல் இருந்தவர்களில் 7 விழுக்காட்டினரும், 34-க்குக் கீழே போனவர்களில் 40 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். 32-க்குக் கீழே போனவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதே 32 டிகிரியில் பனியில் மாட்டிக்கொண்ட ஆரோக்கியமான மலையேறி ஒருவர், சூடேற்றினால் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவார்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரத்தப்போக்கு. அதிகம் இரத்தம் போனவரின் திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதவில்லை, ஆக்ஸிஜன் போதாத உடம்பால் சூடு உண்டாக்க முடியவில்லை. ஆக, குளிர்ந்துபோவது ஒரு பக்கம் கேடு செய்கிறது, இன்னொரு பக்கம் ‘எங்கோ இன்னும் கசிகிறது’ என்று காட்டியும் கொடுக்கிறது. இதை நினைவில் வைத்தால் வரிசை தானாகப் பிடிபடும். இரத்தப்போக்கை நிறுத்துவதே முதல் சூடேற்றல். போர்வையும் ஹீட்டரும் அதற்குத் துணை. தொடையிலிருந்து பீறிட்டுக்கொண்டிருக்கும்போது டூர்னிக்கே (இரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) போடாமல் போர்வை தேடிப் போவது வீண் வேலை.

இரத்தம் உறைவதில் என்ன கெடுகிறது? காயம்பட்ட குழாய்ச் சுவரில் பிளேட்லெட் போய் ஒட்டுவதுதான் உறைதலின் முதல் படி. சூடு 37-லிருந்து 33 வரை இறங்கும்போது பெரும்பாலும் கெடுவது இந்த ஒட்டும் வேலை. 33-க்குக் கீழே உறைதலுக்கான என்ஸைம்களும் மந்தமாகின்றன. பொதுவாக ஒரு டிகிரி இறங்கினால் என்ஸைம் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது தோராயக் கணக்கு. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்க லேபுக்கு அனுப்பும் பி.டி., ஏ.பி.டி.டி. மாதிரிகளை இயந்திரம் 37 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகுதான் சோதிக்கும். நோயாளி 33-ல் கிடக்கிறார், அவருடைய இரத்தம் லேபில் 37-ல் ஓடுகிறது, முடிவு ‘நார்மல்’ என்று வருகிறது, வயிற்றிலோ எல்லா இடத்திலும் கசிகிறது. ரோட்டெம், டெக் போன்ற, உறைதலைப் படமாகக் காட்டும் கருவிகளும் வழக்கமாக 37-ல்தான் ஓடும், நோயாளியின் சூட்டுக்கு மாற்றி வைத்தால் ஒழிய. எனவே குளிர்ந்த நோயாளியின் ஐ.என்.ஆர். (பி.டி.யிலிருந்து கணக்கிடும் எண்) நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தத் தாளை நம்பாதீர்கள், காயத்தைப் பாருங்கள்.

கால்சியத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இரத்தப் பையில் உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்திருக்கிறது, அது உடம்பில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழக்கமாகக் கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைத்துவிடும். குளிர்ந்த, இரத்த ஓட்டம் குறைந்த கல்லீரலால் அது முடிவதில்லை. கால்சியம் இறங்கினால் உறைதலும் கெடும், இதயத்தின் பிழியும் வலுவும் குறையும். நிறைய இரத்தம் ஏற்றும்போது பிளட் கேஸ் சோதனையில் அயனிக் கால்சியத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான். கேள்வியில் வந்த மூன்றையும் முன்பு முக்கோணம் என்றார்கள், இப்போது பலர் கால்சியத்தையும் சேர்த்து நாற்கோணம் என்று எழுதுவதும் இதை வைத்துத்தான்.

இப்போது சூட்டுக் கணக்கு. ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் மறக்காது.

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் சூடு ஒரு டிகிரி மாற ஏறக்குறைய 243 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் உப்புநீரை 20-லிருந்து 37-க்குக் கொண்டுவர 71 கிலோஜூல் வேண்டும், அதை நோயாளியின் உடம்புதான் கொடுக்கிறது. அதாவது அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து மாட்டிய ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய 0.3 டிகிரியைத் தின்கிறது. ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான ஆள் உண்டாக்கும் சூடு சுமார் 80 வாட். அந்தக் கணக்கில் இது கால் மணி நேரத்தின் முழு உற்பத்தி. இரத்தம் போனவருக்கு அந்த 80 வாட்டும் கிடையாது. பிளட் பேங்க் குளிர்பெட்டியிலிருந்து 4 டிகிரியில் வரும் ஒரு பை ரெட் செல் இன்னொரு 0.15 டிகிரியை எடுத்துக்கொள்ளும். இரத்தப் பொருத்தம் பார்க்க நேரமில்லாதபோது கொடுக்கும் ‘சேஃப் ஓ’ ஆறு பை, இரண்டு லிட்டர் உப்புநீர், எதையும் சூடாக்காமல் ஏற்றினால் ஒன்றரை டிகிரி போயிற்று. ஏர்கோன் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 40 டிகிரியில் சூடாக்கிய ஒரு லிட்டர் நோயாளிக்குக் கொடுப்பது வெறும் 12.5 கிலோஜூல், டிகிரியில் 0.05. சூடான டிரிப் போட்டாயிற்று, உடம்பு ஏறிவிடும் என்று எண்ணி, சூடேற்றத்துக்காகவே லிட்டர் லிட்டராக உப்புநீர் ஏற்றுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது இரத்தத்தை நீர்க்க வைக்கும், அமிலத்தைக் கூட்டும், உறைதலைக் கெடுக்கும், சூட்டை மட்டும் ஏற்றாது. சூடாக்கிய திரவம் மேலும் இறங்காமல் தடுக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது ஈரம். இதைத்தான் எல்லோரும் குறைத்து எடைபோடுகிறார்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வேண்டும். சட்டையிலும் ஜீன்ஸிலும் உள்ள ஈரத்தில் 100 மில்லி மட்டும் உடம்பின் சூட்டை எடுத்து ஆவியானால் ஒரு டிகிரி போய்விடும். ஒரு பகுதியைக் காற்றும் கொடுக்கும், ஆனால் நனைந்த ஜீன்ஸ் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் 100 மில்லியைவிட நிறையவே. மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும்தான். அவர்கள் விழுவது சாயங்கால மழையில், பினாங்குப் பாலத்தின் கடல் காற்றில், சில சமயம் சாலையோர லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில். தண்ணீரில் அரை மணி நேரம் இடுப்பளவு கிடந்தவருக்கு வெளியே என்ன வெப்பநிலை என்பது பொருட்டே இல்லை. தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

சாலையோரத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. 999-ஐ அழைத்தாயிற்று, பீறிடும் இரத்தத்தை அழுத்தியாயிற்று என்றால், பக்கத்தில் நிற்பவர்கள் செய்யக்கூடியது குடை பிடிப்பது, மழைக்கோட்டு, சரோங், துவாலை, கார் சீட்டில் கிடக்கும் பாய் என்று எது உலர்ந்திருக்கிறதோ அதைப் போர்த்துவது, தலையை மூடுவது. கழுத்து, முதுகெலும்பு அடி இருக்கலாம் என்பதால் கீழே பாய் விரிக்கிறேன் என்று புரட்ட வேண்டாம். குடிக்கச் சூடாக மைலோ கொடுப்பது நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் அறுவைக்குப் போகப்போகும் ஆளுக்கு அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து. வேண்டாம்.

ஆம்புலன்ஸில் ஏறியதும் நோயாளிப் பகுதியின் ஏர்கோனை நிறுத்துங்கள். உங்களுக்கு வியர்த்தால் அறை சரியான சூட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பளபள ஃபாயில் போர்வையை ஈரத் துணிக்கு மேல் சுற்றுவதால் பெரிய பயனில்லை. அது சூடு உண்டாக்காது, காற்றையும் ஆவியாதலையும் தடுக்கும், அவ்வளவே. ஈரத்தை அகற்றி, ஒரு பருத்திப் போர்வை போட்டு, அதற்கு மேல் ஃபாயில், அதுதான் வரிசை.

துணி வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர் மோட்டார் ஓட்டிகள் பலர் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடுவார்கள், ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும். மல்லாந்து கிடப்பவரின் மார்பில் ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து கழுத்து வரை வெட்டி, மார்பின் நடுவே ஒரே வெட்டாகக் கீழே இறக்கினால் இரு பக்கமும் விரிந்துவிடும். முதுகுப் பக்கத் துணி லாக் ரோல் செய்யும்போது (முதுகெலும்பு வளையாமல் உடம்பை ஒன்றாகத் திருப்புவது) வெளியே வரும். மழைக்கோட்டு போட்டிருந்தால் உள்ளே காய்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளே வியர்வையும், கழுத்து வழியே இறங்கிய மழையும் தேங்கி நிற்கும். ஜீன்ஸை இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும் பைண்டர் கட்டுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். பைண்டர் தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பு மட்டத்தில் வர வேண்டும். ஈர ஜீன்ஸ், பெல்ட், சட்டைப்பையில் இருக்கும் சாவி, ஃபோன் எல்லாவற்றுக்கும் மேல் கட்டினால் இடமும் தவறும், ஈரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும், பிறகு அவிழ்க்கவும் முடியாது. வெட்டிய துணியை நோயாளிக்கு அடியிலேயே விட்டுவிடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தப்பு. மேலே மூன்று போர்வை இருக்கும், அடியில் இரத்தமும் மழைநீரும் ஊறிய சட்டை இருக்கும். அவர் முதுகு வழியே குளிர்ந்துகொண்டே போவார்.

ரெட் சோனில் வேலை தொடங்குவது நோயாளி வருவதற்கு முன்பு. ஆம்புலன்ஸிலிருந்து தகவல் வந்ததும் அறை ஏர்கோனை 26, 28 டிகிரிக்கு இடையே ஏற்றி வையுங்கள். அறை சூடேற நேரம் பிடிக்கும், நோயாளி உள்ளே வந்த பிறகு ரிமோட்டைத் தேடிப் பயனில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் சென்ட்ரல் ஏர்கோன், அறையில் பொத்தானே இருக்காது. அங்கே செய்யக்கூடியது கட்டிலை ஏர்கோன் வாய்க்கு நேர் கீழே வைக்காமல் நகர்த்துவது, கதவை மூடி வைப்பது, மேலே தொங்கும் ரேடியன்ட் ஹீட்டர் இருந்தால் அதை முன்கூட்டியே போடுவது. கட்டிலில் சூடான போர்வை, அதற்கு மேல் உறிஞ்சும் தாள். நோயாளி வந்து, லாக் ரோல் முடிந்ததும் மேல் தாளை உருவிவிட்டால் அடியில் காய்ந்த படுக்கை கிடைக்கும். ஸ்பைன் போர்டை அதே லாக் ரோலில் எடுத்துவிடுங்கள். அது நோயாளியைத் தூக்கி வருவதற்கான பலகை, படுக்கை அல்ல. வைத்திருந்தால் சூடும் போகும், பின்பக்கம் புண்ணும் வரும்.

விபத்து நோயாளியைச் சோதிக்கும் ஏ.பி.சி.டி.இ. வரிசையில் ‘இ’ என்றால் முழுதாகத் திறந்து பார்ப்பது என்று மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். சுற்றுச்சூட்டைக் கட்டுப்படுத்துவதும் அந்த ‘இ’-யிலேயே அடக்கம். நெஞ்சைப் பார்க்கும்போது வயிறும் காலும் மூடியிருக்கட்டும். உள்ளே இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபாஸ்ட் ஸ்கேன் முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிட்டு மூடுங்கள். வேலை முடிந்த பகுதி உடனே போர்வைக்குள் போக வேண்டும். ஒரு ஆளை இதற்கென்றே பெயர் சொல்லி நிறுத்தினால்தான் நடக்கும். ‘யாராவது மூடுங்கப்பா’ என்றால் யாரும் மூடமாட்டார்கள்.

அளப்பதற்கு வருவோம். பதிவேட்டில் பி.பி., நாடி, ஆக்ஸிஜன் எல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கும், டெம்பரேச்சர் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அல்லது ‘36.8’ என்று ஒரே ஒரு தடவை இருக்கும், அதுவும் நெற்றிக்கு நேரே காட்டிய கருவியில் எடுத்தது. மழையில் நனைந்து, தோல் இரத்தக்குழாய் சுருங்கிய நெற்றியில் எடுத்த அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. கண்ணாடித் தெர்மாமீட்டர் 35-லிருந்துதான் தொடங்கும், அதற்குக் கீழே அதற்குத் தெரியாது. டிஜிட்டல் கருவி ‘லோ’ என்று காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று ஒதுக்காதீர்கள். அதுதான் உங்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. காது வழி அளப்பது பரவாயில்லை, ஆனால் குளிர்ந்த காதிலும், மண்டை அடிப்பாகம் உடைந்து இரத்தம் வடியும் காதிலும் குறைத்துக் காட்டும்.

சுவாசக் குழாயில் டியூப் போட்ட நோயாளிக்குச் சிறந்தது உணவுக்குழாயின் கீழ் மூன்றிலொரு பகுதியில் வைக்கும், சூடு அளக்கும் புரோப். மேலேயே நின்றுவிட்டால் சுவாசக் குழாய்க் காற்றின் சூட்டைக் காட்டி ஏமாற்றும். முகம், மண்டை அடிப்பாகம் உடைந்திருக்கலாம் என்றால் மூக்கு வழியே விடாமல் வாய் வழியே விடுங்கள். சென்சார் வைத்த யூரின் கெத்திட்டரும் நல்லது. ஆனால் சிறுநீர் வராத ஷாக் (உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத நிலை) நோயாளிக்கு அது பின்தங்கிக் காட்டும், சிறுநீர்த் துவாரத்தில் இரத்தம் தெரிந்தால் கெத்திட்டரே போடக் கூடாது. மலக்குடல் புரோப் 15 செ.மீ. உள்ளே போக வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் மாறும். எதுவும் இல்லையென்றால் காதில் எடுத்து, எங்கே எடுத்தது என்று எழுதி, கால் மணிக்கொருமுறை அதே இடத்தில் எடுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதாவது தெரியும்.

திரவத்தைச் சூடாக்க இரண்டு வழி. உப்புநீர்ப் பைகளை 40 டிகிரி அலமாரியில் வைத்திருக்கலாம். வைத்த தேதியை ஒட்டுங்கள், தயாரிப்பாளர் சொல்லும் நாள் கணக்கு தாண்டினால் எறியுங்கள், வெளியே எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். இரத்தத்தை அலமாரியில் வைக்கவே கூடாது. அதற்கு லைனில் பொருத்தும் வார்மர்தான், 37-லிருந்து 42-க்குள். சுடுநீர் வாளியில் பையை முக்குவது, குழாய்த் தண்ணீரில் காட்டுவது, மைக்ரோவேவ், எல்லாமே சிவப்பணுக்களை உடைக்கும். உடைந்த அணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், குளிர்ந்த இதயத்துக்கு அது நேர் விஷம்.

வார்மர் ஓடுகிறது என்பதால் நோயாளிக்குள் போவது சூடாகத்தான் போகிறது என்று அர்த்தமில்லை. மணிக்கு 100 மில்லி வேகத்தில் ஓடினால், வார்மருக்குப் பிறகு உள்ள நீளக் குழாயிலேயே திரவம் அறைச் சூட்டுக்கு இறங்கிவிடும். அதனால் வார்மரை நோயாளிக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குப் பிறகு எக்ஸ்டென்ஷன் குழாய் சேர்க்காமல் மாட்ட வேண்டும். மறுபக்கம், பிரஷர் பேக் போட்டு வேகமாகத் தள்ளினால் சாதாரண டிரிப் வார்மரால் ஈடுகொடுக்க முடியாது, குளிராகவே உள்ளே போகும். அந்த வேகத்துக்கு, ஏற்றும்போதே சூடாக்கும் ரேபிட் இன்ஃப்யூசர் இயந்திரம் வேண்டும். பையில் மிஞ்சிய காற்றை முதலிலேயே வெளியேற்றுங்கள், அழுத்தத்தில் காற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பிளேட்லெட் 20-லிருந்து 24 டிகிரியில்தான் வைக்கப்படுகிறது, பிளாஸ்மா உருக்கும்போதே சூடாகிவிடும். குளிர்த் தொல்லை பெரும்பாலும் ரெட் செல்லில்தான்.

அடுத்தது சூடான காற்றை ஊதும் காற்றுப் போர்வை, நம் வார்டுகளில் பேர் ஹக்கர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலான நோயாளிகளுக்கு இதுவே போதும். நல்ல நிலையில் மணிக்கு 1 முதல் 2 டிகிரி ஏற்றும். தோலுக்கு இரத்தமே போகாத ஷாக் நிலையில் அந்த அளவு வராது. ஓட்டை உள்ள பக்கம் தோலை நோக்கி, அதற்கு மேல் ஒரு பருத்திப் போர்வை. நடுவில் போர்வை வைத்தால் சூடு மேலேயே நின்றுவிடும். நோயாளியை முதலில் துடையுங்கள். ஈரத்தோலில் காற்று வீசினால் ஆவியாதல் கூடி எதிர்வேலை செய்யும். போர்வை தீர்ந்துவிட்டது என்று குழாயை மட்டும் படுக்கை விரிப்புக்குள் செருகுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 43 டிகிரிக் காற்று ஒரே இடத்தில் அடித்து, உணர்ச்சியில்லாத நோயாளியின் தொடை வெந்து போகும். டூர்னிக்கே போட்ட காலிலும், இரத்த ஓட்டம் இல்லாத காலிலும் இதே ஆபத்து. அங்கே சூடு படுவதை எடுத்துச் செல்ல இரத்தம் இல்லை. சுடுநீர் பாட்டிலும் கையுறையில் நிரப்பிய சுடுநீரும் அதே வகை.

நோயாளி குளிர்ந்திருப்பது மற்ற அறிகுறிகளைக் குழப்பும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நடுங்கவில்லை என்பதால் குளிரவில்லை என்று எண்ண வேண்டாம். ஷாக், மது, தூக்க மருந்து, தசை தளர்த்தி, இவற்றில் எது இருந்தாலும் நடுக்கம் நின்றுவிடும். நடுங்கினாலும் நல்லதல்ல, ஆக்ஸிஜன் செலவு நான்கைந்து மடங்கு ஏறும். இரத்தம் போனவருக்கு நாடி வேகமாக இருக்க வேண்டும், குளிர்ந்தவருக்கு அது மெதுவாகும். இரண்டும் சேர்ந்தால் நாடி 70 என்று பார்த்து நிம்மதியடைவீர்கள். குளிரில் சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்க முடியாமல் விடுவதால் ‘யூரின் நன்றாக வருகிறது, ஷாக் இல்லை’ என்ற தவறான ஆறுதலும் கிடைக்கும். குழறிப் பேசுவதற்கு மண்டையடி, சம்சு (மலிவுச் சாராயம்), குளிர் மூன்றும் காரணமாகலாம். விரல் நுனி புரோப் ஆக்ஸிஜனைக் காட்டாது, காது மடலில் மாட்டிப் பாருங்கள். டியூப் போடக் கொடுக்கும் மருந்துகள் தோல் குழாய்களைத் திறந்துவிட்டு உள்சூட்டை வெளியே கொட்டும், தசை தளர்த்தியின் வேலையும் வழக்கத்தைவிட நீளும்.

சி.டி.க்குப் போவதற்கு முன் யோசியுங்கள். இயந்திரத்துக்காகக் குளிராக வைத்த அறை, காற்றுப் போர்வையைக் கழற்றியாக வேண்டும், வார்மர் பாதி நேரம் பிளக் இல்லாமல் கிடக்கும். தலைக்குத் தொப்பி, இரண்டு அடுக்குப் போர்வை, மேசையில் முன்பே விரித்த சூடான துணி. அறுவை அறையில் வயிறு திறந்தால் குடல் பரப்பிலிருந்தே ஆவியாதல் தொடங்கிவிடும். கழுவும் நீர் 38-லிருந்து 40-ல் இருக்க வேண்டும், சுவாசக் குழாயில் ஈரப்பதம் காக்கும் ஃபில்டர் இருக்க வேண்டும். சூடு 35-க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, பி.எச். 7.2-க்குக் கீழே, தையல் போட்ட இடமெல்லாம் கசிகிறது என்றால் அனுபவமுள்ள சர்ஜன் முழு அறுவையை முடிக்கப் பார்க்கமாட்டார். கசிவை அடக்கி, துணி அடைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிடுவார், மீதியை உடம்பு சூடான பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த முடிவை அவர் எடுக்க உதவுவது நீங்கள் சத்தமாகச் சொல்லும் டெம்பரேச்சர் எண்தான். 32-க்குக் கீழே போனவருக்கு நெஞ்சுக்குழிக்குள் வெதுநீர் விடுவது, இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்குவது எல்லாம் பெரிய மையங்களின் வேலை. உங்கள் பங்கு, முரட்டுத்தனமாகப் புரட்டாமல் இருப்பது. 28-ஐ நெருங்கிய இதயம் ஓர் உலுக்கலிலேயே தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடும்.

தலையில் அடிபட்டவரைக் குளிர்விப்பது நல்லதில்லையா என்று அடிக்கடி கேட்பார்கள். அந்த எண்ணம் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 2015-ல் வந்த யூரோதெர்ம் ஆய்வில், மூளை அழுத்தம் ஏறியவர்களைக் குளிர்வித்த பிரிவின் முடிவு மோசமாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2018-ல் வந்த போலார் ஆய்வில், ஆரம்பத்திலேயே குளிர்வித்தும் ஆறு மாதம் கழித்துப் பலன் தெரியவில்லை. ஆகவே தலையடியோடு இரத்தப்போக்கும் உள்ளவரை மற்றவரைப் போலவே காப்பாற்றுங்கள். ஆனால் காற்றுப் போர்வையை மறந்துபோய் 38-க்கு ஏற்றிவிடாதீர்கள், காய்ச்சல் அடிபட்ட மூளைக்குக் கெடுதல். 36.5 வந்ததும் இயந்திரத்தை இறக்கிவிடலாம்.

தீக்காயம் மட்டும் இரண்டு பக்கமும் இழுக்கும். வெந்த இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது. அதே நேரம் மற்ற உடம்பை உலர்த்திப் போர்த்தி வைக்க வேண்டும். உடம்பில் பெரும்பகுதி வெந்த குழந்தையை முழுசாக ஷவருக்கு அடியில் 20 நிமிடம் நிறுத்தினால் தீக்காயத்தோடு ஹைப்போதெர்மியாவும் சேர்ந்து வரும். சில்லிடத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, பாலிக் பூலாவிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு அனுப்புவது போன்ற மாற்றல்கள். ரெட் சோனில் ஏற்றிய சூட்டை வண்டியில் இழப்பது சகஜம். கிளம்புவதற்கு முன் வண்டிக்குள் ஏர்கோனை அணைத்து, பின் கதவைக் கடைசி நிமிடத்தில் திறவுங்கள். மாட்டியிருக்கும் பையை மட்டும் சூடாக எடுத்துப்போய், வழியில் மாட்டப் போகும் அடுத்த பையைப் பெட்டியில் குளிராக வைத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதையும் போர்வைக்குள் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். ஒப்படைக்கும் தாளில் ‘டெம்பரேச்சர் நார்மல்’ என்று எழுதாதீர்கள். ‘34.6, உணவுக்குழாய், 7.40 மணி, 35.1, அதே இடம், 8.10 மணி’ என்று எழுதினால் வாங்கிக்கொள்பவர்கள் சூடேற்றலை எங்கிருந்து தொடர்வது என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.